தோட்டத்து ஆள்

மூன்று முறை விழுந்தால் போதும் அவர்.
நான்காவதாய் விழுந்தது
பன்னிரண்டாம் நம்பர் மலை ஏற்றத்தில், பாசி வழுக்கி.
அது எந்த ஸ்தலத்திலும் எழுதியில்லை.
சவுக்கைக் கீழே போட்டுவிட்டு
ரோமாபுரிச் சேவகன் ஞானப்பு ஓடிப்போய்
முட்டியைப் பிடித்துத் தேய்த்துவிட்டான்.

அப்புறம் காட்டுமாடு.
ஒற்றைக் கடா. தேயிலைக்குள் இடுப்பளவு நின்று
சிலுவையைப் பார்த்தது.
பாட்டு நின்றது. மைக் கட்டின ஜீப் நின்றது.
யூதாசும் இராயப்பரும் கையைக் கோத்துக்கொண்டார்கள்.
அது மனசு வந்து ஓடைப்பக்கம் இறங்கும்வரை
எருசலேமில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

பிலாத்து, போஜண்ணன். இலை ஏஜெண்ட்.
எங்கள் கோயில்காரர் இல்லை,
அவர் ஹட்டிப் பண்டிகைக்கு உடுத்தும் வெள்ளையிலேயே
வருசா வருசம் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.
இந்த மாசம் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்திருந்தார்.
கை கழுவுகையில் பின்னாலிருந்து ஒரு குரல்:
"நல்லா கழுவுங்கண்ணே."

நான் மதலேன் மரியாள். ஏழாவது வருசம்.
முடி இடுப்புக்குக் கீழே இருந்ததால் கிடைத்த வேசம்.
ஐப்பசியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முடி போனது,
வேசம் போகவில்லை.
முக்காட்டுக்குள் என்ன இருக்கிறதென்று
யார் பார்க்கப்போகிறார்கள்.

சனி இராத்திரி
மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து
மஞ்சு ஏறி வந்தது.
முதலில் லைன் வீடுகள் போயின, பிறகு மேடை,
பிறகு என் கையிலிருந்த பரிமளத் தைலப் புட்டி.
சில்வர் ஓக்கில் கட்டின கயிற்றை
ஞானப்பு இழுத்திருக்க வேண்டும்.
தெர்மாகோல் கல் கரகரவென்றது.
"உயிர்த்தார்!" என்றது மைக்.
ஊர் முழுக்க எழுந்து நின்று
வெள்ளையைப் பார்த்தது.

வேதத்திலும் அப்படித்தானே,
அந்த நிமிசத்தை ஒரு கண்ணும் பார்க்கவில்லை.
விடிந்து வந்தவர்கள் பார்த்தது
மடித்து வைத்த துணியைத்தான்.

எங்களுக்குத் துணியும் தவறியது.
சரிகை வைத்த வெள்ளை அங்கி
கயிற்றோடு போய்ச் சேற்றில் விழுந்திருக்கிறது.
இன்னாசி என்ன செய்வான்?
தேயிலைக்கு மருந்தடிக்கப் போடும் நீல ஜெர்கின்,
கம்பூட்ஸ்.
அப்படியே வந்து நின்றான் கடவுளின் மகன்.
முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன.

ஆறு வருசமாய் எனக்குக் கஷ்டமான இடம் இதுதான்.
அங்கி மினுங்க, போகஸ் லைட் விழ நிற்கிறவரை
எப்படி ஒருத்தி
தோட்டத்து ஆள் என்று நினைப்பாள்?
கண் தெரியாத மாதிரி நடிப்பேன்.
அன்றைக்கு நடிக்கவில்லை.
மஞ்சுக்குள் யாரோ ஒரு ஆள்,
பூட்சில் மண், மேலில் மருந்து வாசனை.
"ஐயா, நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களா?
எங்க வச்சிருக்கீங்க, சொல்லிருங்க" என்றேன்.
செந்தமிழ் வசனம் எங்கே போனதோ.

அவன் "மரியா" என்று சொல்ல வேண்டும்.
"செலினா" என்றான்.

மைக்கில்.
நாலு லைனுக்கும், மாதா கெபிக்கும்,
ஓடையில் படுத்திருந்த அந்தக் கடாவுக்கும் கேட்டிருக்கும்.
செக்ரோலில் நான் இருநூற்று முப்பத்தெட்டு,
ஆஸ்பத்திரியில் டோக்கன்,
வீட்டில் ஜெனிபர் அம்மா.
யார் இந்தச் செலினா என்று
ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ரெஜினா டீச்சர்
"ரபூனி, ரபூனி" என்று எடுத்துக் கொடுக்கிறார்.
எனக்கு வாயில் வந்தது
"இருக்கேன்."

மணி அடித்தார்கள். வெடி நமுத்துப் போயிருந்தது.
"வசனம் மாறிப்போச்சுக்கா" என்றான் இன்னாசி
சுக்குக் காப்பி வாங்குகையில்,
முட்டியைத் தடவிக்கொண்டே.
நான் பேசவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில்
கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்:
இருநூற்று முப்பத்தெட்டு.
கொஞ்சம் விட்டுத்தான்
கையைத் தூக்கினேன்.